கையெழுத்துப் போட ஆளில்லாத வீடு

(நமது சங்கத்தின் குடும்ப தின நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு குடும்பம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நாங்கள் ஆலிம்களும் அல்லர், ஆசிரியர்களும் அல்லர். பத்து பாகாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்கள். மூன்று பிள்ளைகள். அவர்களை நல்லபடி வளர்த்துவிட்டோம் என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. மூத்தவனுக்கே பதினேழு வயதுதான். ஆகவே உபதேசம் ஒன்றும் எங்களிடம் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். இதை நாங்கள் இருவரும் சேர்ந்தே எழுதினோம். யார் எழுந்து வாசிப்பது என்பதில்தான் வீட்டில் கொஞ்சம் வழக்கு நடந்தது. கடை பார்ப்பவர் தோற்றார், ஆகவே அவர் வாசிக்கிறார்.

எங்கள் வீட்டில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கடை பார்ப்பவருக்கு உம்மா, பிள்ளைகளுக்கு வாப்பும்மா. பெண்கள் பகுதியில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தம்மைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்து இப்போதே முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். 1974இல் ஆறு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கீழக்கரையிலிருந்து சென்னைக்குப் போய், அங்கே 'சிதம்பரம்' கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். கப்பலில் யாரோ ஊர் எது என்று கேட்க, பத்து பாகாட் என்று சொல்லிவிட்டு, "மத்த ஒம்பது பாகாட்டும் எங்கே இருக்கு?" என்று கேட்டாராம். மலாயில் பத்து என்றால் கல், பாகாட் என்றால் உளி என்பது இந்த ஊரில் பிறந்த நமக்குத் தெரியும். கீழக்கரையில் பிறந்தவருக்கு எப்படித் தெரியும்? வேடிக்கை என்னவென்றால், எங்கள் கடைக்குட்டியும் தமிழில் எண்ணப் பழகியபோது அதே கேள்வியைக் கேட்டான்.

அந்த ஆறு வயதுப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுடைய வாப்பா ஒரு சபுராளி. இளையவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. பிழைப்புக்காகக் கடல் கடந்து சபர் போனவரை நம் ஊர்களில் சபுராளி என்பார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது 'ரஜூலா' கப்பலில் ஏறியவர், பிறகு ஊர்ப்பக்கம் வரவில்லை. பையன் தன் வாப்பாவை முதன்முதலில் கண்டது இந்த ஊரில், கடைக்கு மேல் இருந்த அறையின் வாசலில். மூன்று நாள் கழித்து உம்மாவிடம் காதோடு கேட்டானாம்: "இந்த மாமா எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?"

அந்தப் பையன்தான் இப்போது இதை வாசித்துக்கொண்டிருப்பவர்.

நம்மில் பல வீடுகளில் இந்தக் கதை உண்டு. கீழக்கரை, நாகூர், கடையநல்லூர், பனைக்குளம் என்று ஊர்தான் மாறும். இந்தக் கதைகளை நாம் ஒரு பெருமிதத்தோடு சொல்கிறோம். "நாங்கள் பட்ட கஷ்டம் பிள்ளைகள் படக்கூடாது" என்கிறோம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் பிள்ளைகளின் வாப்பா கடலுக்கு அப்பால் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கிறார். ஆனால் கடை காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. மாவு பிசைய நாலரைக்கே ஆள் வேண்டும். பூட்டிவிட்டு வீடு வர இரவு ஒரு மணி. பிள்ளைகள் விழித்திருக்கும்போது வாப்பா இல்லை, வாப்பா இருக்கும்போது பிள்ளைகள் தூக்கம். ஹோட்டல்காரர்கள் பலர் இங்கே தலையசைப்பதைப் பார்க்கிறோம்.

2022இல் ஒரு நாள் மூத்தவனின் இடைநிலைப்பள்ளியிலிருந்து போன் வந்தது. அப்போது அவன் படிவம் இரண்டு. தேர்ச்சி அட்டையில் பெற்றோர் கையெழுத்து வித்தியாசமாக இருக்கிறதாம், ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். போனோம். அட்டையில் அவனுடைய வாப்பாவின் கையெழுத்தை அவனே போட்டிருந்தான். அதுவும் முதல் முறை அல்ல. படிவம் ஒன்றிலிருந்தே போட்டு வந்திருக்கிறான். மதிப்பெண்கள் மோசமில்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கை ஓங்கியது உண்மை. வாப்பும்மா குறுக்கே வந்து நின்றார். "கையெழுத்துப் போட ஆளில்லாத வீட்டுல புள்ளை என்னதான் செய்வான்?" என்றார். பையன் அழவில்லை. "மூணு ராத்திரி முழிச்சிருந்து பார்த்தேன், தூங்கிட்டேன். நாலாவது நாள் அட்டையைக் கொடுக்கணும்" என்றான். இதையும் அவன் மலாயில்தான் சொன்னான். "பொய்க் கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் எங்களுக்குச் சுடுகிறது. கோழி போடும் தவுக்கே பாக்கி கேட்டுப் போன் செய்யும்போதெல்லாம், "வாப்பா வெளியே போயிருக்காங்கன்னு சொல்லு" என்று போனை அவன் கையில் கொடுத்தது யார் என்று கேட்டான். கொடுத்தது நாங்கள்தான். இருவருமே கொடுத்திருக்கிறோம்.

அபூதாவூதில் வரும் ஒரு ஹதீஸை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். ஒரு தாய் தன் மகனை "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று கூப்பிடுகிறார். அங்கிருந்த நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், என்ன கொடுக்கப் போகிறாய் என்று விசாரிக்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் அந்தத் தாய். ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன் கணக்கில் ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று சொல்கிறார்கள். எத்தனையோ பயானில் இதைக் கேட்டிருக்கிறோம். தவுக்கேயின் போனோடு ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

சரி, வாரத்தில் ஒரு மாலை கடையை மூடுவோம் என்று முடிவு செய்தோம். வியாழன் அஸருக்குப் பிறகு. நம் கணக்கில் அது வெள்ளி இரவு. மஃரிபுக்குப் பின் யாசீன் ஓதி, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அப்போது ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை; மறுநாள் பள்ளிக்கூடம் என்ற அவசரம் இல்லை. வியாபாரத்தில் ஓட்டை விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வியாழன் இரவு வழக்கமாக வருபவர்களில் பாதிப் பேர் எதிர்ச் சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள், அவர்களில் சிலர் திரும்பவே இல்லை.

கடையை மூடி உட்கார்ந்தால், பேச ஒன்றும் இல்லை! பிள்ளைகள் தங்களுக்குள் மலாயில் பேசிக்கொள்வார்கள். வாப்பும்மாவுக்கு மலாய் என்றால் பசாரில் மீன் விலை கேட்குமளவுதான். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். தமிழ் போய்விட்டது என்பது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் எங்களுக்கு உறைத்தது. உடனே ஒரு சட்டம் போட்டோம்: மேசையில் மலாய் பேசினால் ஒரு வார்த்தைக்கு ஐம்பது காசு அபராதம், மில்க்மெய்ட் டின்னில் போட வேண்டும். முதல் வாரம் இரண்டு வெள்ளி சேர்ந்தது. இரண்டாம் வாரம் ஒரு காசும் சேரவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பிறகுதான் கவனித்தோம், பிள்ளைகள் வாயையே திறக்கவில்லை. கடைக்குட்டி உப்பு வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டினான். டின்னை எடுத்துவிட்டோம். அதிலிருந்த இரண்டு வெள்ளிக்கு ஐஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

2023 மார்ச் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாவட்டத்தில் தண்ணீர் வந்தது மட்டுமல்ல, வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கீழே என்ற அளவோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். மௌத்தாகிவிட்ட எங்கள் வாப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதைத் தூக்கி மேசைமேல் வைக்க ஒரு மணி நேரம் தாமதித்துவிட்டோம். உள்ளே இருந்த காகிதங்களின் ஓரங்கள் நனைந்துவிட்டன. அரபு எழுத்தில் இருந்த காகிதங்கள். ஓதுகிற கிதாபு, துஆ ஏடு என்று நினைத்து நாங்கள் யாரும் அதுவரை கை வைத்ததில்லை. மரியாதை. அல்லது சோம்பல். தண்ணீர் வடிந்ததும் தரையில் விரித்து மின்விசிறியின் கீழ் காய வைத்தோம்.

நடுவுள்ளவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஜொகூர் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு பள்ளி, மாலையில் சமயப் பள்ளி என்பது உங்களுக்குத் தெரியும். சமயப் பள்ளிப் பாடநூல்கள் ஜாவியில் இருப்பதால் அவளுக்கு அந்த எழுத்து தண்ணீர்பட்ட பாடு. ஒரு காகிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். மலாயாக இல்லை. அரபும் இல்லை. "என்னம்மோ எழுதியிருக்கு, அர்த்தமே இல்லை" என்று சொல்லிக்கொண்டே சத்தம் போட்டு வாசித்தாள். கட்டிலில் படுத்திருந்த வாப்பும்மா அந்த வரியின் மீதியைப் பார்க்காமலே சொல்லி முடித்தார்.

அது தமிழ். அரபுத் தமிழில் எழுதிய கடிதம். எழுதியவர் வாப்பும்மா.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளிலேயே மேலும் கீழும் புள்ளி கூட்டி எழுத்துகள் செய்துகொண்டார்கள். ஜாவியிலும் ச, ங, ப போன்ற ஒலிகளுக்கு அதே வழிதான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) தமது 'மகானி' என்ற மார்க்கச் சட்ட நூலை இந்த எழுத்தில்தான் எழுதினார். பள்ளிக்கூடம் போகாத நம் பெண்கள் வீட்டிலே குர்ஆன் ஓதக் கற்றவுடன், அதே எழுத்தைக் கொண்டு தமிழையும் எழுதவும் படிக்கவும் செய்தார்கள். எங்கள் மகளுக்கு ட, ண வரும் இடங்களில்தான் தடுக்கிற்று. ஜாவிக்கு அவை தேவைப்படுவதில்லை.

நாங்கள் இத்தனை ஆண்டுகளாக வாப்பும்மாவை எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றே நினைத்திருந்தோம். பேங்கில் கைநாட்டு. அரசாங்கப் பாரங்களில் கைநாட்டு. அவரும் மறுத்து ஒன்றும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "யாரு கேட்டீங்க?" என்றார்.

சபுரில் இருந்த கணவருக்கு ஆறு ஆண்டுகள் எழுதிய கடிதங்கள் அவை. அவரும் ஒன்றையும் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார். மகள் வாசித்தாள், வாப்பும்மா திருத்தினார். பெரிய விஷயங்கள் ஒன்றும் இல்லை. ஆடு குட்டி போட்டது. பக்கத்து வீட்டு நிக்காஹ்வுக்குப் பத்து ரூபாய் மொய் வைத்தது. பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கியது. முன்பல் இரண்டு விழுந்து கொல்லையில் புதைத்தது. ஒரு கடிதத்தில், "வாப்பா எங்கேன்னு கேட்டா, கடலைக் கையைக் காட்டுறான்" என்று இருந்தது. அதைக் கேட்டதும் கடை பார்ப்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. தன் வாப்பாவுக்குத் தன்னைப் பற்றி எதுவுமே தெரியாது என்றுதான் அவர் ஐம்பது வருடங்களாக நினைத்திருந்தார்.

ஆயிரக்கணக்கான மைல் தூரத்தில் இருந்த ஒரு தகப்பனுக்கு மகனின் பல் விழுந்தது தெரிந்திருக்கிறது. சமையலறைக்கு அடுத்த அறையில் தூங்குகிற தகப்பனுக்கு, மகன் மூன்று இரவு விழித்திருந்தது தெரியவில்லை.

அதன் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சோறு வேகும் குக்கர் பக்கத்தில் வைத்தோம். ஒரு மணிக்கு வீடு வருகிறவர் முதலில் தேடுவது சோற்றைத்தான். அன்றைக்கு என்ன நடந்ததோ அதை அதில் எழுதுங்கள், எந்த மொழியானாலும் சரி என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அவர்கள் மலாயில் எழுதினார்கள். வாப்பா தமிழில் பதில் எழுதிவிட்டுப் படுப்பார். காலையில் அதை வாசித்துச் சொல்ல உம்மாவைத் தேடுவார்கள். பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில் இது ஒரு தொல்லைதான். தொல்லை பொறுக்காமல், "நீயே படி" என்று எழுத்தைக் காட்டிக் கொடுத்ததில் மூத்தவன் வாப்பாவின் கிறுக்கலிலிருந்தே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டான். அதனால் இன்றும் அவன் எழுதும் 'ழ' கடைக் கணக்கில் வரும் 'ழ' போலத்தான் இருக்கும். நடுவுள்ளவள் வாப்பும்மாவுக்காக அரபுத் தமிழில் இரண்டு வரி எழுதுவாள். கடைக்குட்டி பெரும்பாலும் பூனையைப் பற்றி எழுதுவான்.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். சில மாதங்கள் கழித்து மூத்தவன் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தான். பள்ளி விடுமுறையில் கடைக்கு உதவிக்கு வந்திருந்தபோது, தட்டு உடைத்ததற்காகப் பங்களாதேஷ் தம்பியை வாப்பா ஏசியதைப் பார்த்திருக்கிறான். என்ன சொல் சொல்லி ஏசினார் என்பதை அப்படியே எழுதியிருந்தான். அதை இங்கே வாசிக்க முடியாது. கடைசியில், அந்த அண்ணனுக்கு ஊரில் மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது, ஹேண்ட்போனில்தான் பார்த்திருக்கிறார், வாப்பாவுக்கு அது தெரியுமா என்று கேட்டிருந்தான்.

தெரியாது. ஒன்றரை வருடமாக நம் அடுப்படியில் நிற்கிற ஒரு சபுராளியைப் பற்றி நமக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அந்தப் பக்கத்துக்குப் பதில் எழுதவில்லை. முதலில் வந்தது கோபம், மகன் கணக்குக் கேட்கிறானே என்று. அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் சிறுவராகப் பத்து ஆண்டுகள் நபிகள் நாயகத்திடம் பணிவிடை செய்தும் ஒருமுறைகூட 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று வரும் ஹதீஸை, எங்களில் வீட்டில் இருப்பவர் சும்மா பேச்சுவாக்கில் சொல்வது போல் சொன்னார். சும்மா சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் நோட்டில் ஒரே வரி எழுதப்பட்டது: "அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்." அடுத்த நோன்புப் பெருநாளுக்கு டிக்கெட் எடுத்து அவரை ஊருக்கு அனுப்பினோம். ஆள் இல்லாத அந்த இரண்டு மாதம் கடையில் நாங்கள் பட்ட பாடு வேறு கதை. திரும்பி வந்தவர், தம் பிள்ளை முதல் நாள் தம்மைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

வியாழன் விருந்துக்கு இப்போது ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூரில் விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. வெள்ளி பள்ளிக்கூட நாள். சனிக்கிழமைக்கு மாற்றுங்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சனிக்கிழமை எங்கள் கடையின் மொத்த வார வருமானத்துக்கு முதுகெலும்பு. இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் தேநீர் நேரத்தில் சொல்லுங்கள்.

சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள். நம் பாட்டிமார்களின் பெட்டிகளில் இருக்கும் அரபு எழுத்துக் காகிதங்களைக் கடலில் விடுவதற்கு முன், கிணற்றில் போடுவதற்கு முன், யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். சங்கம் ஒரு அலமாரி ஒதுக்கினால் முதல் கட்டு எங்களுடையது. நகல்தான், மூலத்தை வாப்பும்மா தர மாட்டார். இரண்டாவது, ஒரு தேசியப் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்தலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கடைக்குட்டி இன்னும் ஆரம்பப் பள்ளியில்தான் இருக்கிறான். அவன் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தோம், ஒன்பது பேர் இருக்கிறார்கள். மற்ற ஆறு பேரின் பெற்றோர் இந்த மண்டபத்திலேயே இருக்கக்கூடும். போகும்போது வாசலில் ஒரு தாள் வைத்திருக்கிறோம், பெயர் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. சென்ற தவணையில் நடுவுள்ளவளின் தேர்ச்சி அட்டை வந்தது. நாங்கள் இருவருமே உடல்நலமில்லாத உறவினரைப் பார்க்க மூவாருக்குப் போயிருந்தோம். மறுநாள் கொடுக்க வேண்டும். அவள் வாப்பும்மாவிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறாள். வாப்பும்மா மை தடவக் கட்டைவிரலை நீட்டினாராம். "இல்ல வாப்பும்மா, எழுதுங்க" என்றிருக்கிறாள். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தம் பெயரை வலமிருந்து இடமாக எழுதியிருக்கிறார். அட்டையை வாங்கிய மலாய் ஆசிரியை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஜாவி என்று நினைத்து அந்தப் பெயரை உரக்க வாசித்தார். சரியாக வாசித்தார் என்று மகள் வந்து சொன்னாள்.

வஸ்ஸலாம்.